நான் இறுக்கிய கயிறு

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை, பரமத்தி வேலூர் ஆற்றோரம் வாழைத் தோட்டம், மேட்டுக்காட்டில் இரண்டு கோழிப்பண்ணை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் சம்பாதித்தவை இவை. அப்பன் வைத்துவிட்டுப் போனது என்று ஒரு சுத்தியல்கூட இல்லை. பன்னிரண்டு வயதில் பட்டறையில் ஆணி பொறுக்கினேன். நாற்பதில் அந்தப் பட்டறையையே வாங்கினேன். இதற்கெல்லாம் மேலே எனக்கு ஒரு பெயர் உண்டு. நான் கட்டிய லோடு சரிந்தது கிடையாது. அஸ்ஸாம் வரைக்கும் முட்டை போயிருக்கிறது, என் கட்டு நெகிழ்ந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

அந்தப் பெயர்தான் போன வருடம் மாசி மாதத்தில் என்னைக் கவிழ்த்தது.

என் தங்கை மகள் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். நீந்தி, சைக்கிள் ஓட்டி, கடைசியில் கால் ஓட்டமும் ஓடுகிற பந்தயம் அவளுடையது. நீச்சல் பழகியது என் தோட்டத்துக் கிணற்றில், இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நாள் பூராவும் நடக்கிற நெடுந்தூரப் பந்தயத்தில் அவளை மிஞ்ச நம் பக்கத்தில் ஆளில்லை. ஆனால் ஒலிம்பிக்கில் நெடுந்தூரம் கிடையாதாம். ரெண்டு மணி நேரத்தில் முடிகிற குட்டைப் பந்தயம்தானாம்.

"அப்ப இன்னும் லேசுதானே சாமி?" என்று கேட்டேன்.

சிரித்தாள். "அஸ்ஸாம் லைன் டிரைவரைக் கொண்டாந்து டவுன் பஸ் ஓட்டச் சொன்னா எப்படிங்க மாமா இருக்கும்? அப்படித்தானுங்க."

முப்பத்தொரு வயதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து பழகினாள். நெடுந்தூர சைக்கிளில் முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டலாம்; கூட்டமாக ஓட்டுகிற இந்தப் பந்தயத்துக்கு அது ஆகாது என்று, தன் சம்பளத்தில் வேறு சைக்கிள் வாங்கினாள். அந்த மாசியில் ஒரு கடற்கரை ஊரில் தேர்வுப் பந்தயம். முதல் இரண்டு பேரைத்தான் வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அனுப்புவார்கள். அங்கே போய்ப் புள்ளி சேர்த்தால்தான் ஒலிம்பிக் வாசலையே பார்க்க முடியும்.

"ரயில் எதுக்கு? மாமன் வண்டி இருக்குது" என்று நான்தான் வீம்பு பிடித்தேன். பட்டறை மினி லாரியை நானே ஓட்டுவதாகச் சொன்னேன். சைக்கிளைக் கம்பளியில் சுற்றிப் படுக்க வைத்தாள்.

"மாமா, இது கார்பனுங்க. கயிறு கியிறு போட்றாதீங்க. நூலை நெய்து பசை ஊத்தி இறுக வெச்ச குழாய், அவ்வளவுதான்."

நூலில் சைக்கிளாம்! எடப்பாடித் தறியில் போட்டு நெய்தார்களா என்று கேலி செய்தேன். அவள் சாப்பிட உள்ளே போனாள். லோடு இப்படிக் கட்டில்லாமல் கிடந்தால் எனக்குக் கை அரிக்கும். கம்பளியை உருவிவிட்டு, சைக்கிளை நிமிர்த்தி, லாரிப் பாடியோடு சேர்த்து நடுக்குழாயின் மேல் கயிற்றைப் போட்டு, கயிற்றுக்குள் கம்பியை விட்டு முறுக்கினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று. நின்றதா என்று உலுக்கிப் பார்த்து மூன்றாவது சுற்றும் போட்டேன். மேலே கம்பளியைப் போர்த்திவிட்டேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "நிக்க வெச்சுட்டீங்களா?" என்றாள். "எறும்பு ஏறினாக்கூட அசையாது, ஏறு சாமி" என்றேன்.

போய்ச் சேர்ந்தது பந்தயத்துக்கு முந்தின நாள் மத்தியானம். மாலை ஐந்து மணிக்குள் சைக்கிளைச் சோதனைக்கு விட வேண்டும். நான் கயிற்றை அவிழ்க்க, அவள் அதை இறக்கித் துடைத்தாள். கை சட்டென்று நின்றது. கயிறு கிடந்த இடத்தில் தலைமுடி போல ஒரு கோடு. பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்துக் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தாள். டிங், டிங், டிங். அந்தக் கோட்டுக்கு வந்ததும், டொப்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ஐம்பது வருடமாக மரத்தையும் இரும்பையும் தட்டிப் பார்த்து வாங்குகிறவன். உள்ளே விரிசல் விட்ட பொருள் அப்படித்தான் பேசும்.

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வெல்டு வெச்சா..." என்று இழுத்தேன்.

"நூலுங்க மாமா" என்றாள்.

யாரிடமும் கை நீட்டாமல் வளர்ந்தவன் நான். அன்றைக்கு அந்த மைதானத்தில் கூடாரம் கூடாரமாகப் போய்க் கும்பிட்டேன். பாஷை தெரியாது. சைக்கிளைக் காட்டுவேன், அவளைக் காட்டுவேன், கையைக் கூப்புவேன். சிலர் பரிதாபப்பட்டார்கள், சிலர் நகர்ந்து போனார்கள். கடைசியில் தாடி நரைத்த ஒரு வடநாட்டுக்காரர் எழுந்து வந்தார். அவர் வயதுக்காரர்களுக்கான பந்தயம் மறுநாளைக்கு மறுநாள். விரிசலை நகத்தால் தடவிப் பார்த்து இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு, தன் சைக்கிளின் பெடலைக் கழற்றி, அவளுடையதை மாட்டி, சீட்டை இறக்கிக் கொடுத்தார். பெயர்கூடக் கேட்கவில்லை.

"அவரு என்ன சொன்னாரு?" என்று அவளைக் கேட்டேன்.

"இதுல ஏறியிருந்தா பந்தய ரோட்டுல இருக்கிற பாலத்து இறக்கத்துல ரெண்டாப் பிளந்திருக்கும், பொண்ணு பிழைச்சிருக்காதுன்னாருங்க. எப்படி ஆச்சுன்னும் கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"வண்டியில வர்றப்ப அடிபட்டுருச்சுன்னேன்."

மறுநாள் காலையில் ரோட்டோரம் நின்றேன். கடலிலிருந்து பின்தங்கித்தான் வந்தாள். அந்த ஆம்பளை சைக்கிள் அவளுக்கு நீளம். எட்டி எட்டிப் பிடித்து முதுகு வளைந்து போய் மிதித்தாள். அப்படியும் கூட்டத்தை எட்டிவிட்டாள். ஓட்டத்தில் ஒவ்வொருத்தியாகத் தாண்டினாள். கடைசி வளைவில் இரண்டாவது பெண்ணுக்கும் இவளுக்கும் ஒரு லாரி நீளம்தான் இடைவெளி. அந்த ஒரு லாரி நீளம் குறையவே இல்லை. மூன்றாவது.

நான் ஒரு லாரி நீளத்தை எத்தனை ஆயிரம் தடவை அளந்திருப்பேன். அது இவ்வளவு பெரிதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பும்போது சைக்கிளைக் கம்பளியில் படுக்க வைத்தோம். கயிறு போடவில்லை. வேகத்தடையில் அது லேசாகப் புரள்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் பிரேக்கில் கால் தானாகப் போனது. அவள் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. திட்டியிருந்தால் வண்டியை நேராக ஓட்டியிருப்பேன்.

நாலு நாள் கழித்துச் செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்தது. 'பயணத்தின்போது சைக்கிள் சேதமடைந்ததால் வாய்ப்பை நழுவவிட்டார்.' பட்டறைக்கு வேலையாக வந்த, விஷயம் தெரியாத ஒரு டிரைவர் படித்துக் காட்டிவிட்டு, "உங்க வண்டியிலயே கூட்டிட்டுப் போயிருந்தா இப்படி ஆயிருக்குமுங்களா?" என்றார். நேராக அவள் ஊட்டுக்கே போய், ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன்.

துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு இன்னொரு பந்தயம் வருமுங்க மாமா. லாரிப்பேட்டையில உங்க கட்டு நெகிழாதுன்னு ஒரு பேரு இருக்குது. அது போனா உங்களுக்கு வேற என்னங்க இருக்குது?"

பட்டறை, தோட்டம், பண்ணை எல்லாம் அந்த நிமிடம் எங்கே போயின என்று தெரியவில்லை. என்னை அவ்வளவு துல்லியமாக யாரும் தட்டிப் பார்த்ததில்லை. டொப்பென்றுதான் கேட்டது.

அவள் மறுபடியும் சைக்கிள் வாங்கிவிட்டாள். இந்த வருடத் தேர்வு இனிமேல்தான். நாளைக்கு அவள் ஒலிம்பிக் போனால் மேடையில் மாலையோடு நூறு பேர் நிற்பார்கள். கிணறு கொடுத்தவன் என்று நானும் நிற்பேன், விடமாட்டேன். ஆனால் அவள் கதையை எழுதுகிறவர்கள் 'பயணத்தின்போது' என்று எழுதக் கூடாது. கயிறு போடாதே என்று சொல்லியும் மூன்று சுற்று முறுக்கியவன் அவளுடைய தாய்மாமன் என்று எழுத வேண்டும். எனக்குச் சேர வேண்டிய பங்கு அது. அதை விட்டுவிட்டுக் கிணற்றை மட்டும் எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.