தேங்காய் உடைக்க வராத அழகர்

அழகர் ஜிந்துப்பிட்டியிலிருந்து கொட்டாஞ்சேனைக் கராஜுக்கு நடந்தே வருகிறவர். டிங்கர் வேலை, நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவது. அவர் கைபட்ட வாகனங்கள் கொழும்பெங்கும் ஓடுகின்றன. ஒன்றில்கூட அவர் ஏறிப் போனதில்லை.

சென்ற வருடம் வெள்ளவத்தையிலிருந்து ஒரு பென்ஸ் வந்தது. அறுபதுகளில் ஜெர்மனியில் செய்த இரண்டு ஆசனக் கார். துணிக்கூரையை மடித்துவிட்டு ஓட்டலாம். நீண்ட மூக்கு, தாழ்ந்த உடல், வேண்டாத ஒரு கோடு இல்லை. பக்கத்தில் புதுக் கார்கள் நின்றாலும் தெருவில் போனவர்கள் இதைத்தான் எட்டிப் பார்த்தார்கள். அழகரும் வேலைக்கு நடுவே மட்கார்ட்டின் வளைவைக் கையால் தடவிப் பார்ப்பார். அந்தத் தடவலே பிறகு அவருக்கு எதிரான சாட்சியாயிற்று.

கார்க்காரர் இராசரத்தினம், ஓய்வுபெற்ற கணக்காய்வாளர். கராஜில் விட்டால் ஒரிஜினல் சாமான்களைக் கழற்றி மாற்றிவிடுவார்கள் என்பது அவரது உறுதியான எண்ணம். ஆகவே பிளாஸ்டிக் கதிரை போட்டு நாள் முழுக்கக் காரின் முன் இருந்தார். மனைவி பத்மாவதி மதியத்தில் கரியரில் சோறு கொண்டுவருவார்.

ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுக் கதிரையிலேயே கண்ணயர்ந்தார். விழித்தபோது பத்மாவதி போய்விட்டிருந்தார். கியர்த் தடியின் வெள்ளைக் குமிழும் இல்லை.

"இவன்தான் எந்த நேரமும் தடவிக்கொண்டு நிண்டவன்," என்று அழகரைக் காட்டினார். பொலிசுக்குப் போகவில்லை. முகத்துவாரத்துக் காளி கோயிலில் எல்லோரும் தேங்காய் உடைக்க வேண்டும். எடுத்தவனின் கை விளங்காமல் போகட்டும் என்றார்.

கராஜ் முதலாளி ஷரீப் சங்கடப்பட்டார். "போய் நின்டுட்டு வாங்களே அழகர். ஒரு தேங்காதானே."

"நான் எடுக்கல்ல முதலாளி. கோயிலுக்கும் வரல்ல."

"எடுக்காட்டி என்ன பயம்?" என்றார் இராசரத்தினம்.

"எம் புள்ளைக்கு வீசிங், மூச்சிழுப்பு இருக்கு சேர். தேங்கா ஒடைச்ச பொறகு அவ இருமினா, அந்தா பாருன்னு சொல்லுவீங்க. ஒங்க வீட்டுல இருமினா அது தடிமன்."

மறுத்தவன்தான் கள்ளன் என்று முடிவாயிற்று. இனி வேலைக்கு வரவேண்டாம் என்றார் ஷரீப். ஆதாரம் கேட்காமல் ஒருவனின் சோற்றைப் பறிக்க இந்த நகரத்தில் ஒரு தேங்காய் போதும்.

வெள்ளிக்கிழமை கோயிலில் இராசரத்தினம் தேங்காயை ஓங்கினார். "எடுத்தவன்ரை கை..."

பத்மாவதி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "உடையாதேங்கோ. அது என்னட்டைத்தான் கிடக்கு."

"என்னது?"

"நீங்கள் நித்திரை. உவங்கள் மாத்திப் போடுவாங்கள் எண்டு கழட்டிக் கரியருக்குள்ளை வைச்சனான். பிறகு நீங்கள் எல்லாருக்கும் முன்னாலை கத்திப்போட்டு வந்தீங்கள். எப்பிடிச் சொல்லுறது?"

வாசலில் நின்ற ஷரீபிடம் இராசரத்தினம், "பாத்தீரே, காளி அம்மாள் உண்மையை வெளியிலை கொண்டுவந்திட்டா," என்றார்.

அம்மாள் எதையும் சொல்லவில்லை. சொன்னவர் பத்மாவதி. சாபம் அழகரின் கையில் விழும் என்று எல்லோரும் நம்பிய அத்தனை நாளும் அவர் வாய் திறக்கவில்லை.

ஷரீப் ஜிந்துப்பிட்டிக்குப் போய் அழகரை அழைத்துவந்தார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இராசரத்தினம் கதிரையை ஓரமாக வைத்துவிட்டுப் புறப்பட்டார். அழகர் அதைத் தூக்கிவந்து காரின் முன் போட்டார்.

"இருங்க சேர். தூங்காம பாருங்க, எனக்கும் சாட்சி வேணும். ஒங்க வீட்டம்மா வந்தா கரியரைத் தொறந்து பாத்துத்தான் அனுப்புவேன்."