சவரிமுத்து கண்ட கணவாய்

சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகல் குலசேகரன்பட்டினத்திலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. எங்கள் கல்லூரியின் பிராணிக் காட்சி அறையைப் பதினான்கு ஆண்டுகள் பார்த்துக்கொண்ட சவரிமுத்து, விடுப்பில் ஊருக்குப் போன இடத்தில் விஷக்காய்ச்சல் கண்டு, ஞாயிறன்று காலமானார் என்று அவருடைய மைத்துனர் எழுதியிருந்தார். அட்டையைத் துறைத் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "அந்தப் பிராணிப் புட்டிகளை இனி யார் கழுவுவது?" என்றார். அன்று மாலை, கல்லூரிக்கு நிலம் கொடுத்த மிராசுதார் ஒருவருக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். சவரிமுத்துவின் பெயரை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. வாயில் கசப்போடு வீடு திரும்பினேன். அந்தக் கசப்பு இன்னும் இறங்காததால், அவரை அறியாத உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அவர் கொழும்புக்குத் தோணி ஓட்டிய குடும்பத்துப் பிள்ளை. கயிற்றில் சிக்கி இடது கையில் இரண்டு விரல்கள் போனபின் கடல் வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்தார். நான் அங்கே உயிர்நூல் ஆசிரியன். பிறந்ததிலிருந்து மீன் வாடை படாத சைவ வீட்டில் வளர்ந்தவன். முதல் நாள் அந்த அறைக்குள் நுழைந்தபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. "நாத்தம் மூக்கோட நின்னுரும்யா. கண்ணு வேலைய அது கெடுக்காது" என்றார். என் கல்வி முழுவதிலும் எனக்குக் கிடைக்காத அறிவுரை அது. நான் அதைப் பின்பற்றவும் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து ஒரு பெருந்திமிங்கிலம் குலசேகரன்பட்டினத்துக் கரையில் ஒதுங்கியது. அதன் தாடையை அறைக்குக் கொண்டுவர வேண்டுமென்று எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். மாட்டுவண்டியில் போய்ச் சேர்வதற்குள் அது செத்து நாலு நாள் ஆகிவிட்டது. பனங்காட்டைத் தாண்டும்போதே நாற்றம் வந்து முகத்தில் அறைந்தது. வயிறு ஊதி ஓரிடத்தில் வெடித்திருந்தது. மணலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. நான் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டுக் காற்று வரும் பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். சவரிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பு வரை அதற்குள் இறங்கினார். ஊர் ஆட்கள் காறித் துப்பிக்கொண்டு விலகி நின்றார்கள். அதன் இரைப்பையில் கணவாய் மீன்களின் அலகுகள் படிக்கணக்கில் கிடந்தன. தொண்டைக்குழியிலிருந்து, கரையாத ஒரு பிராணியை இரு கைகளிலும் ஏந்தி எடுத்துவந்தார்.

அழுகிய நாவற்பழ நிறம். முற்றிய நுங்கைப் போல் கொழகொழவென்று கையிலிருந்து வழிந்தது. எட்டுக் கைகள், அவற்றின் நடுவே குடைத்துணிபோல ஒரு சவ்வு. உடலில் காதுகள் போல் இரண்டு சிறு துடுப்புகள். அதை என் முன்னால் நீட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அது என்ன என்று ஒருவாறு தெரிந்தது, ஜெர்மன் பாதிரியார் ஒருவர் கல்லூரிக்கு விட்டுப்போன ஒரு புத்தகத்தால்தான். ஆழ்கடலில் வலை இறக்கிப் பிடித்தவற்றின் வண்ணப் படங்கள் அதில் இருந்தன. அதில் ஒன்று இதைப் போலவே இருந்தது. நரகத்து இரத்தக் காட்டேரிக் கணவாய் என்று பொருள்படும் பெயர் இட்டிருந்தார்கள். புத்தகம் அதை ஆக்டோபஸ் என்கிற பேய்க்கணவாய் இனத்தில் சேர்த்திருந்தது. பெயரின் பொருளைச் சொன்னேன். சவரிமுத்து ஸ்பிரிட்டில் மிதந்த பிராணியைப் பார்த்துக்கொண்டே, "இது ரத்தங் குடிச்சத ஆரு பாத்தா? கையில மயிரு கெணக்கா மெத்துன்னு இருக்கு, கீறுதுக்கு ஒரு நகமில்ல. பேரு வச்சவரு பயந்துட்டாரு" என்றார்.

பிறகு மூன்று வாரம், வேலை முடிந்த பின் மாலை வெளிச்சம் இருக்கும்வரை, அவர் அதை மூங்கில் குச்சியால் மெல்ல விலக்கி விலக்கிப் பார்த்தார். ஒருநாள் என்னை அழைத்தார். கைகளின் இடையே இரண்டு சிறு பைகள். ஒவ்வொன்றிலும் சுருண்டு கிடந்தது நூல் போன்ற ஓர் இழை. எட்டுக் கைகளோடு சேராதவை அவை. முதுகுக்குள் கண்ணாடிபோல மெல்லிய ஓர் இலைத்தகடு இருந்தது. பேய்க்கணவாய்க்கு அப்படி எலும்பும் இல்லை, இலையும் இல்லை என்பது கடற்கரையில் யாருக்கும் தெரியும். நீண்ட உடலும் பத்துக் கைகளும் உள்ள ஊசிக்கணவாய்க்கு உண்டு; ஆனால் அந்த இலை ஒடுக்கமானது. இது அகலம்.

அவர் அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் கல்லை எடுத்துவந்தார். அதுவும் பாதிரியார் விட்டுப்போனதுதான். பழைய கடல் ஒன்றின் சேறு இறுகிக் கல்லானதில், என்றோ அழிந்துபோன கணவாய் ஒன்று அச்சுப்போலப் பதிந்திருந்தது. அதன் முதுகிலும் அகன்ற இலை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நரம்பின் ஓட்டம், விளிம்பின் வளைவு, எல்லாம் ஒரே சாயல்.

"இது பேய்க்கணவாயும் இல்ல, ஊசிக்கணவாயும் இல்லய்யா. இந்தக் கல்லுக்குள்ள கெடக்குததோட சொந்தம். அதெல்லாம் செத்துப்போச்சு, இது மட்டும் எங்கனயோ ஆழத்துல போயி ஒளிஞ்சுக்கிட்டு" என்றார்.

நான் அதை எழுதித் துறைத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக்கூட மாட்டவில்லை. பெரிய கப்பலில் போய்ப் படித்தவர்கள் சொன்னதைத் தோணிக்காரன் திருத்துகிறானா என்று கேட்டார். அவருடைய நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டு நான் புன்னகை செய்தேன். அந்தப் புன்னகையை நினைத்தால் இப்போதும் என் முகத்தின்மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

மேலிடத்து ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்ததும் அறையைச் சுத்தம் செய்ய உத்தரவு வந்தது. பெயர் ஒட்டாத புட்டிகளை எல்லாம் காலி செய்யச் சொன்னார் தலைவர். மீன்கடை நாற்றம் அடிக்கிறதாம். சவரிமுத்து மாதா கோவில் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார். மூன்று நாளில் வந்துவிடுவார்; புட்டியை என் வீட்டில் வைத்திருக்கலாம். ஆனால் அந்த மாதம்தான் என் பதவி உயர்வுக்குத் தலைவர் சிபாரிசு எழுத வேண்டியிருந்தது. புட்டியைப் பின்கட்டுச் சாக்கடையில் கவிழ்த்தேன். நூல்கள், இலை எல்லாம் ஒரே கொழகொழப்பாகப் போயின. காகங்கள் வந்தன. உள்ளே போய்ச் சோப்புப் போட்டு நான்கு முறை கை கழுவினேன்.

ஊரிலிருந்து திரும்பியவர் காலிப் புட்டியைக் கண்டார். "கொட்டுனது ஆருய்யா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். புட்டியைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தார். அதன்பின் ஐந்து ஆண்டுகள் தினமும் எனக்கு வணக்கம் சொன்னார். அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்கு உயர்வு கிடைத்தது.

சனிக்கிழமை துக்கம் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். பந்தலில் இருந்த ஆண்கள், திமிங்கில வயிற்றுக்குள் இறங்கிக் கல்லுக்குச் சொந்தம் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலி பேசிய கதையைத் தங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி அந்தோனியம்மாள் வெளியே வந்து என்னை உற்றுப் பார்த்தார்.

"வாத்தியாரய்யா நீங்கதானா? ஊரு பூரா சிரிச்சப்பம், 'நான் மட்டுமா பாத்தேன், வாத்தியாரய்யாவும் பாத்தாரு'ன்னு இவுக சொல்லுவாவ. நெசமாவே நீங்க பாத்தீயளா?"

அந்தப் புட்டியைக் கொட்டியவன் நான் என்பதை அவர் தம் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தேன் என்றேன். இரண்டு நூல்களையும் அகன்ற இலையையும் கல்லையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அதைச் சாக்கடையில் கொட்டியது நான் என்றும் சொன்னேன். அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். தண்ணீர் வேண்டுமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காதது நியாயம்.

சவரிமுத்து சொன்னது சரியா என்று இனி யாரும் எங்களிடமிருந்து அறிய முடியாது. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. சவரிமுத்துவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றே: சாட்சி என்ற பெயர். எனக்குக் கொஞ்சமும் தகாத அந்தப் பெயரை அவர் சாகும்வரை எனக்காக வைத்திருந்தார். கேட்பவர் யாராக இருந்தாலும் நான் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.