அபேசிகாவுக்கு வராத செய்தி

எம்பரரா ஊர்ப் பால் சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் கெமிரெம்பேவுக்கு எதையும் சோதிக்காமல் கை ஓடாது. கடையில் சுட்ட வாழைக்காயை நசுக்கிப் பார்ப்பாள். உட்காரும் முன் நாற்காலியை ஆட்டிப் பார்ப்பாள். கல்யாணத்துக்குக் கேட்ட முகுமேயையே இரண்டு வருஷமாகச் சோதித்துக்கொண்டிருந்தாள். அவனும் பாவம், சங்கத்து வாசலில் பால் சோதித்தபடியே காத்திருந்தான்.

மாடுகளுக்கு ஊசி போடும் நாளுக்கு முந்தின நாள், உறுப்பினர்கள் எல்லாருக்கும் போனில் செய்தி போகும். இந்த வருஷத் தொடக்கத்தில் அந்தப் புரோகிராமை எழுதியவள் அவள்தான். பேர், ஊர், மாட்டுக் கணக்கு என்று பட்டியலில் எத்தனையோ இருந்தாலும், போன் நம்பரை மட்டும் ஒவ்வொன்றாக உருவித் தரும்படி எழுதியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அபேசிகா என்ற பெரியவர் மட்டும் இந்த வருஷம் ஒருமுறைகூட மாடுகளை ஊசிக்கு ஓட்டிவரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர் பேரை நீக்கப் போவதாகப் பேச்சு. நீக்கினால் அவர் பாலை வாங்க அந்தப் பக்கம் வேறு ஆளில்லை. சனிக்கிழமை காலை பால்கேனோடு வந்தவர், நேரே அவள் ஜன்னலில் வந்து நின்றார்.

“எனக்குச் செய்தியே வரலைம்மா.”

“எல்லாருக்கும் போச்சுங்கய்யா. போனை எங்க வச்சீங்க, மாட்டுக் கழுத்துலயா?”

“மாட்டுக் கழுத்துல கட்டினாலும் அடிச்சா கேட்காதா? நாலு மாட்டுக்காரன்தானே, இவனை எதுக்குக் கூப்பிடணும்னு விட்டுட்டீங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தன் புரோகிராம் மேல் பழி விழ விடுவாளா? பட்டியலைத் திறந்தாள். அகர வரிசையில் முதல் பேரே அவருடையதுதான். நம்பரைப் போட்டு அழைத்தாள். அவர் சட்டைப்பையில் மணி அடித்தது. அவர் கேனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போக, அவள் புரோகிராமைத் திறந்து வரி வரியாகப் பார்த்தாள்.

வாசலில் முகுமே பெரியவரின் கேனிலிருந்து ஒரு கரண்டிப் பால் எடுத்து, மருந்து விட்டுப் பார்த்து, தலையாட்டினான். பிறகு அதை வாளியில் கொட்டினான்.

“ஏம்ப்பா, பால் நல்லாத்தானே இருக்கு? அதையும் கேன்ல ஊத்தினா என்ன?”

“சோதிக்க எடுத்தது எடுத்ததுதான் பெரியவரே. திரும்பப் போகாது.”

ஜன்னலுக்குப் பின்னால் கெமிரெம்பே வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று, பட்டியலில் ஆள் இருக்கிறார்களா என்று பார்ப்பதற்காகவே முதலில் ஒரு நம்பரை உருவச் சொல்லியிருந்தாள். நம்பர் வந்தால் பட்டியல் காலி இல்லை என்று தெரிந்து, செய்தி அனுப்புவது தொடங்கும். ஆனால் ஒருமுறை உருவிய நம்பர் அந்தத் தடவை மறுபடி வராது. செய்தி அடுத்த ஆளிலிருந்துதான் போகும். பதம் பார்க்க எடுத்த சோறு ஒவ்வொரு தடவையும் பட்டியலின் முதல் ஆளான அபேசிகாதான்.

மறுநாள் கூட்டத்தில் அவளே எழுந்து நின்றாள். “தப்பு என்னோடது. ஐயாவைச் சோதிக்க எடுத்து, அப்படியே கீழ கொட்டிட்டேன்” என்றவள் அழுதே விட்டாள். தலைவர் முணுமுணுத்தாலும் பேரை நீக்கவில்லை.

“இவ்வளவு சோதிக்கிறவ, இதைச் சோதிக்கலையா?” என்று முகுமே திரும்பும் வழியில் சீண்டினான்.

“சோதிச்சதுதானே வினை” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த ஊசிக்கு முந்தின நாள், அவள் திருத்தி எழுதிய புரோகிராமிலிருந்து செய்தி போனது. பொழுது சாய்வதற்குள் அபேசிகா போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்துவிட்டார்.

“வந்துடுச்சும்மா! ஆனா இதுல என் பேரைக் காணோமே?”

“அது நம்பரை மட்டும்தான் எடுக்கும்யா. வேணும்னா பேரும் வர்ற மாதிரி பண்ணட்டுமா?”

அவர் அந்த ஒற்றை வரியை இன்னொரு தரம் பார்த்தார். அழிந்துவிடுமோ என்று பயந்தவர் போல, போனை மெல்லப் பைக்குள் வைத்தார்.

“பேரு எதுக்கும்மா? எல்லாரையும் கூப்பிடுறப்போ என்னையும் கூப்பிட்டா போதும்.”