வீட்டு நேரம்

யுத்தகாலத்தில் திருச்செங்கோட்டை விட்டு, நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு உணவு கொடுக்கும் கப்பலில் சமையலாளாகப் போனேன். மாலை ஆறு மணிக்கு மனைவி வீட்டில் விளக்கேற்றுவாள். அதே நேரம் நான் அர்த்தநாரீசுவரரைக் கும்பிட வேண்டும் என்று பேச்சு. கடலில் எனக்கிருந்த ஒரே துணை அது.

செங்கடல் தாண்டிய துறைமுகத்தில் ஒருநாள், எங்கள் கப்பல் கடிகாரப்படி ஆறு மணிக்குக் கும்பிட்டுவிட்டு ஒரு நீர்மூழ்கிக்கு ரொட்டி கொண்டுபோனேன். உள்ளே கடிகாரம் நாலு காட்டியது.

“கெட்டுப்போச்சுங்களா?” என்றேன்.

கூட வந்த எடப்பாடிச் சமையல்காரர் சிரித்தார். “இல்ல சாமி. தண்ணிக்கடியில ஏது விடியலும் அந்தியும்? எங்க போனாலும் இந்த வெள்ளைக்காரங்களுக்கு அவங்க சீமையில இருக்கற ஊட்டு நேரந்தான். நாமதான் போற பக்கமெல்லாம் கடியாரத்தைத் திருப்பறோம். நம்மூர்ல இப்பப் பத்து மணி ஆகப்போகுது.”

இத்தனை மாதமும் அவள் தூங்கியபின்தான் நான் கும்பிட்டிருக்கிறேன்.

ஊர் திரும்பியதும், “தெனமும் வெளக்கேத்தறப்ப நீங்க பக்கத்துல நின்னாப்ல இருந்துச்சுங்க” என்றாள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சாமி மன்னிக்கட்டும், தலையை மட்டும் ஆட்டினேன்.