அசல் அல்பாக்காவும் ஒரு தீக்குச்சியும்

தையற்கடைக்கு அளவு கொடுக்கத்தான் ஆட்கள் வருவார்கள் என்று நம்பி இந்தத் தொழிலுக்கு வந்தேன், வந்தவர்களில் பாதிப் பேர் துணியை நீட்டி, "இது அசல்தானே?" என்றுதான் கேட்டார்கள். கத்தரி பிடித்த சக பாவிகளே, உங்களுக்கும் இதே கதிதானே?

இஸ்திரிப் பெட்டி

அறுபதுகளின் கடைசியில் திருவள்ளூர் கோர்ட்டுப் பக்கம் எனக்குக் கடை. வக்கீல்களுக்குக் கறுப்பு அல்பாக்கா கோட்டு தைப்பேன். அல்பாக்கா ஒரு மிருகத்தின் ரோமம். நூலைக் கொளுத்தினால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், சாம்பல் உதிரும். நைலான் போலி உருகி உருண்டையாகிவிடும். இதெல்லாம் தெரியாத காலத்தில் ஒரு வக்கீலின் 'அல்பாக்கா'வில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். முதுகுத் துணி பெட்டியோடு வந்துவிட்டது. வக்கீல் ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கேஸ் போட்டா நான் போலித் துணி வாங்கி ஏமாந்ததுதான்யா மொதல்ல வெளிய வரும்," என்றார்.

மாப்பிள்ளை கோட்டு

ஊத்துக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர், மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் அல்பாக்கா கோட்டு கேட்டார்கள் என்று பட்டணத்தில் துணி வாங்கி வந்தார். தொட்டதுமே தெரிந்தது, போலி. சொன்னேன். மனுஷர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விற்றவன் நடைபாதையில் விரித்தவனாம், எங்கே போய்த் தேடுவது? மாப்பிள்ளையின் பெரியப்பா பொல்லாதவராம். "துணி சரியில்லன்னா கல்யாணத்தையே நிறுத்திடுவாரு நைனா. வேற வாங்க டப்பு இல்ல. எப்டியாவது தெச்சிக் குடு," என்றார்.

பெரியப்பாவின் மூக்கு

அளவு கொடுக்க மாப்பிள்ளை வந்தபோது பெரியப்பாவும் வந்தார். "நூல உருவு, கொளுத்திப் பாக்கணும்" என்றார். வேறு வழியில்லாமல் ஒரு நூலை உருவிக் கொடுத்தேன். கூட வந்திருந்த பெண்ணின் அப்பா சுவரோரம் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பெரியப்பா தீக்குச்சி கிழித்து நூலைப் பற்றவைத்து, மோந்து பார்க்கக் குனிந்தார். நல்ல புதர் மீசை. அதன் நுனி பொசுங்கியது அவருக்கே தெரியவில்லை. கடை முழுக்க முடி நாற்றம். நூல் உருகிக் கீழே விழுந்த உருண்டையை நான் காலால் மறைத்துக்கொண்டேன். "வாசன வருது பாரு! அசல் சரக்கு, சம்பந்தி!" என்றார் பெரியப்பா.

கைப்பக்கம் ஓட்டை

கல்யாணம் நடந்தது. இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளை கோட்டோடு தனியாக வந்தார். மணமேடையில் கற்பூரம் பட்டுக் கைப்பக்கம் உருகியிருந்தது. அந்தப் பெண்ணை இவர் என்ன பாடு படுத்துகிறாரோ என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "வுடு மாஸ்டர். பெரியப்பா மீச எரிஞ்சத அன்னிக்கே பாத்துக்கினுதான் இருந்தேன். எனக்குப் பொண்ணு புடிச்சிருந்துச்சு," என்றார்.

துணியைத் தொட்டாலே அசல் எதுவென்று சொல்லிவிடும் எனக்கு, நாடா பிடித்து மார்பளவு எடுத்த மனுஷனைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போய்விட்டது.