வெடிக்காத வெள்ளரிப்பழம் தேடி நூம்பலுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால். கோவை ரயிலை அரக்கோணத்தில் விட்டுவிட்டு, பதினைந்து ரூபாய்க்கு மின்சார ரயில் டிக்கெட் வாங்கி, அம்பத்தூரில் வந்து இறங்கினேன். தோளில் ஒரு பை. கையில் பால் கேனுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஓர் அலுமினியக் கேன். ரயிலில் எதிர் இருக்கைக்காரர், "ஏனுங், நெய்யுங்களா?" என்று கேட்டார். திறந்து காட்டினேன். காலி. காலிக் கேனை எதற்காகச் சென்னைவரை தூக்கிக்கொண்டு போகிறேன் என்ற கவலையிலேயே அவர் தூங்காமல் வந்திருப்பார், பாவம்.

உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன். கோவையில் ஒரு கல்லூரியில் நான் வெள்ளரிப்பழத்தை ஆராய்கிறவள். கோடையில் சாலையோரம் ஓலைக்கூடையில் விற்பார்களே, முலாம்பழத்தின் நெருங்கிய சொந்தம், பழுத்ததும் தானாக வெடித்து மாவாகச் சிரிக்கும், அதேதான். வெடித்த பழம் ஒரு பொழுதுகூடத் தாங்காது. அதனால் விளைவிக்கிறவருக்குப் பாதி நஷ்டம். போன கோடையில் வேலப்பன்சாவடியில் உறவுக்காரர் ஒருவர் அடுக்குமாடியில் வீடு வாங்கிப் பால் காய்ச்சினார். அந்த விசேஷத்துக்கு வந்தபோது பக்கத்து நூம்பலில் ஸ்டெல்லா என்ற பெண்ணிடம் ஒரு வெள்ளரிப்பழம் வாங்கினேன். நன்றாகப் பழுத்த பழம், வெடிக்கவில்லை. பையில் போட்டுக் கோவைக்குக் கொண்டுபோனேன், அங்கேயும் வெடிக்கவில்லை. விதையை எடுத்து எங்கள் தோட்டத்தில் போட்டேன். காய்த்தது, பழுத்தது, பட்டாசு மாதிரி ஒன்று விடாமல் வெடித்தது.

விதை ஒன்றுதான், மரபணுக்களும் அவைதான். ஆனால் மரபணு இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. கல்யாண மண்டபத்தில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு சுவிட்சுப் பலகை இருக்குமே, அதில் எல்லா விளக்குமா எப்போதும் எரிகிறது? நூம்பல் மண்ணில் எந்த சுவிட்ச் அணைந்திருக்கிறது, கோவையில் எது எரிகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. அதற்கு, பழுத்த பழத்தில் கத்தி பட்ட மறுகணம் துண்டை உறைய வைக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் பழம், "என்னை வெட்டிவிட்டார்கள்" என்று வேறு விளக்குகளைப் போட்டுவிடும். கோவையில் பறித்த நான்கு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் உறைய வைத்திருந்தேன். இங்கேயும் அதே கணக்கில் செய்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும்.

ஸ்டெல்லா கொடி போட்டிருந்தது தன் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில். மனைக்காரர் வீடு கட்டப் போகிறார், திங்கட்கிழமை ஜேசிபி வருகிறது என்று அவள் போன வாரம் போனில் சொன்னாள். எனக்கு மிஞ்சியது இந்த ஒரு ஞாயிறுதான். அதை விட்டால் என் மூன்று வருட வேலை பாதிக் கேள்வியோடு நின்றுவிடும்.

பாடிக்குப் பேருந்தில் போனேன். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம், பழைய தொழிற்சாலைச் சுவர்களுக்குப் பின்னால், திரவ நைட்ரஜன் விற்கும் ஒரு கேஸ் கடை. ஞாயிறு விடுமுறை. ஆனாலும் நான் போனில் கெஞ்சியிருந்ததால் கடைக்காரர் லுங்கியோடு வந்து ஷட்டரைத் தூக்கினார். கேனைப் பார்த்ததும், "இன்னா மேடம், மாட்டு ஆஸ்பத்திரியா?" என்றார். சினை ஊசி போடுகிறவர்கள்தான் இந்த மாதிரிக் கேனோடு வருவார்களாம்.

"இல்லைங்க. வெள்ளரிப்பழத்துக்குங்க."

"பழத்துக்கு நைட்ரஜனா? ஊட்ல ஃப்ரிட்ஜு இல்லியா?"

கேட்டுக்கொண்டே வெண்புகை பொங்கப் பொங்க ஊற்றினார். ஃப்ரிட்ஜை விட இருநூறு டிகிரி குளிர்ச்சி என்று நான் சொன்னதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் டீ வரவழைத்துக் கொடுத்தார். லீவு நாளில் முன்பின் தெரியாத ஒருத்திக்காக எழுந்து வந்த மனிதர். எங்கள் ஊரில் நான் இதைச் செய்திருப்பேனா என்று யோசித்தேன். செய்திருக்க மாட்டேன்.

எட்டரைக்கு ஸ்டெல்லாவின் கணவர் டேவிட் தன் ஆட்டோவோடு மேம்பாலத்தடியில் காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய், பவுடர் வாசனை. கேனின் வாயிலிருந்து கசியும் புகையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"வெடிக்குமா மேடம்?"

"இறுக்கி மூடுனாத்தானுங்க வெடிக்கும். மேல சும்மா வச்சிருக்கற மூடிதான். பயப்படாதீங்க."

"பயம்லாம் இல்ல மேடம். ரெண்டு புள்ளிங்கோ கீது, அதான்."

அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட் வழியாக வானகரம் ரோட்டைப் பிடித்தோம். நூம்பலுக்குப் பத்துக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். லாரிகளுக்கு நடுவே ஆட்டோ புகுந்து புகுந்து போனது. நான் கேனைக் குழந்தை மாதிரிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெடுஞ்சாலை ஏறும்போது டேவிட் திரும்பிப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்.

"மேடம், உங்களுக்குன்னு நாலு காய் பத்ரமா உட்டு வச்சிக்கீறேன்."

"காயா? பழம் எங்கங்க?"

"பழம் மூணும் காலீல ஆறு மணிக்கே பறிச்சி சர்ச்சுக்கு அனுப்ச்சிட்டேன். இன்னிக்கு எங்க சபைல அறுப்பின் பண்டிகை. மொத வெளைச்சல் சாமிக்கு. நீங்க ஊருக்கு எட்த்துகினு போறவங்க. ஊருக்குப் போறவங்களுக்கு யாராச்சும் பழத்தக் குடுப்பாங்களா? வழிலயே நசுங்கிப் பூடும். அதான் காயா உட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் படுவது என்று தெரியாமல் நின்றது. இதைவிட மரியாதையாக ஒரு மனிதர் என் வேலையைக் கெடுத்திருக்க முடியாது. பயணம் போகிறவருக்குக் காயாகப் பார்த்துக் கொடுப்பது எங்கள் வீட்டிலும் வழக்கம்தான். பழுத்ததுதான் வேண்டும் என்று போனில் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

"அதைய என்ன செய்வாங்க அங்க?"

"ஏலம் உடுவாங்க. அப்பால வெட்டி எல்லாருக்கும் குடுப்பாங்க."

"வெட்டறதுக்குள்ள போயாகோணுங்க!"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வேலப்பன்சாவடிக் கல்லூரிக் கட்டடங்கள் என் கண்ணில் படவே இல்லை. புதிதாக முளைத்த அடுக்குமாடிகளும் பழைய ஓட்டு வீடுகளும் தோள் உரசி நிற்கும் நூம்பல் தெருவுக்குள் ஆட்டோ நுழைந்தபோது மணி ஒன்பதே கால். ஒலிபெருக்கியில் பாட்டு கேட்டது. பாட்டு முடிந்து, "அடுத்தது ஒரு சேவல்!" என்ற குரல் வந்தது. ஏலம் தொடங்கிவிட்டது.

சிறிய சர்ச், வாசலில் பந்தல். மேசைமேல் முருங்கைக்காய்க் கட்டு, முட்டைத் தட்டு, வீட்டில் செய்த கேக். அடுக்குமாடிக் குடும்பம் ஒன்று பால்கனியில் வளர்த்த புதினாவைத் தொட்டியோடு கொண்டு வந்திருந்தது. நடுவில் ஒரு கூடை. அதில் மூன்று வெள்ளரிப்பழங்கள், தங்க மஞ்சளில், ஒரு கீறல் இல்லாமல். பார்த்ததும் உயிர் வந்தது.

ஸ்டெல்லா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ அக்கா, இது தெரியாம பூட்ச்சே. ஆனா கர்த்தருக்குன்னு வச்சத நான் எப்டிக்கா திருப்பி எடுப்பேன்? நீங்களே ஏலத்துல கேளுங்க. எட்த்துடலாம்."

நியாயம்தான். சேவல் போனது, கேக் போனது, கூடைக்கு முறை வந்தது. நான் கையைத் தூக்கினேன். முன்வரிசையிலிருந்து உடனே இன்னொரு கை எழுந்தது. குணசீலன், பாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று ஸ்டெல்லா காதில் சொன்னாள். வருடா வருடம் பழக்கூடை அவருக்குத்தானாம். அங்கேயே வெட்டிச் சர்க்கரை தூவிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாராம். அவர் மனைவி மடியில் கத்தியும் சர்க்கரை டப்பாவும் தயாராக இருந்தன.

நான் ஏற்றினேன், அவரும் ஏற்றினார். வெளியூர்க்காரி ஒருத்தி சபை ஏலத்தில் இவ்வளவு ஆர்வமாகக் கலந்துகொள்கிறாளே என்று கூட்டத்துக்கு ஒரே சந்தோஷம், கைதட்டினார்கள். குணசீலன் எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இன்னும் ஏற்றினார். என் கைப்பையில் இருந்தது தீர்ந்தது. மூன்று தரம் சொல்லி முடித்தார்கள். கூடை அவருக்கு.

அவர் கத்தியை வாங்கினார். முதல் பழத்தை எடுத்தார்.

"வெட்டிப்போடாதீங்க!"

அது என் குரல்தான். பந்தலே திரும்பிப் பார்த்தது. சேவல் மட்டும் கூவியது. ஏலம் விட்டவர் என்ன செய்வதென்று தெரியாமல் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார். கல்லூரியில் மாதக்கணக்கில் நடத்துகிற பாடத்தை ஒரு நிமிடத்தில் சொன்னேன். ஒரே விதை, அங்கே வெடிக்கிறது, இங்கே வெடிக்கவில்லை. பழத்துக்குள் எது வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். நாளைக்கு அந்த மண்ணும் இருக்காது. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

குணசீலன் கத்தியைக் கீழே வைத்தார். "இன்னாம்மா நீ, எவ்ளோ வோணும் உனக்கு?"

"ஒவ்வொரு பழத்துலயும் தோலோட ரெண்டு துண்டுங்க. விரல்கடை அளவு."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தார்.

"அட, ரெண்டு துண்டுக்கா என்னோட இந்தச் சண்ட போட்ட? மொதல்லயே சொல்லிருந்தா நானே ஊட்டி உட்டிருப்பேனே! வாம்மா, நீயே மொதல்ல வெட்டு."

பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. கையுறை போட்டேன், என் சொந்தக் கத்தியை எடுத்தேன். மணி பத்தாகவில்லை, நான்கு மணி நேரக் கணக்கு தப்பவில்லை. ஒவ்வொரு துண்டும் உள்ளே விழும்போது கேன் சீறிப் புகையைக் கக்கியது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். டேவிட் தனக்கு எல்லாம் தெரியும் என்ற தோரணையில் குறுக்கே நின்று, "கிட்ட வராதீங்கோ, மூடுனாத்தான் வெடிக்கும்!" என்று எல்லாரையும் தள்ளி நிறுத்தினார். போதகர் அங்கி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேனை எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்தோத்திரம்" என்றார்.

மீதிப் பழம் வழக்கம்போலக் குணசீலன் கைக்குப் போனது. சர்க்கரை தூவினார். முதல் துண்டைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

"துன்னு பாரும்மா. இத்தனை வருஷமா அத நோண்டிகினு கீற, டேஸ்ட்டு எப்டி?"

இந்த ஆய்வில் இறங்கிய நாளிலிருந்து நான் ஒரு வெள்ளரிப்பழத்தைக்கூட வாயில் வைத்ததில்லை. எங்கள் தோட்டத்தில் கம்பிவேலி, பூட்டு, 'தொடாதே' பலகை. மாதிரி எடுத்தது போக மீதியெல்லாம் உரக்குழிக்குப் போகும். அப்படித்தான் முறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாயில் போட்டேன். மாவு மாதிரி கரைந்தது, அதன்மேல் சர்க்கரை நறநறவென்றது. பள்ளிக்கூட வாசலில் தின்ற ருசி. நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினேன். இன்னொரு துண்டு வைத்தார்.

பகல் சாப்பாடு அங்கேயே, பந்தியில் பிரியாணி. அதன் பிறகு டேவிட்டே அம்பத்தூருக்குக் கொண்டுவந்து விட்டார். எஸ்டேட்டில் ஒரு மாடியில், என் மாதிரிகளைச் சோதிக்க ஒப்புக்கொண்டிருந்த ஆய்வகத்தில் கேனைத் திறந்து பார்த்தார்கள். துண்டுகள் கல் மாதிரி உறைந்திருந்தன. உறைபெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டபோதுதான் காலையிலிருந்து இறுகியிருந்த தோள் இறங்கியது. டேவிட் வாசலில் நின்று, மஞ்சள் பையில் கட்டிய நான்கு காய்களைக் கொடுத்தார். "இதயும் எட்த்துகினு போங்க மேடம். ஊருக்குப் போறதுக்குள்ள பதமா பழுத்துடும்." வாங்கிக்கொண்டேன். ஆய்வுக்குப் பயன்படாது என்று அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை கோவையில் இறங்கும்போது ஸ்டெல்லாவின் போன் வந்தது. பின்னால் ஜேசிபி இரைச்சல். "அக்கா, பத்ரமா போய்ச் சேந்துச்சா?" என்று கேட்டாள். நானா என்று நினைத்துச் சேர்ந்துவிட்டேன் என்றேன். "நீங்க இல்லக்கா, பழம்!" என்றாள். அதுவும் சேர்ந்துவிட்டது என்றேன். "அப்ப சரி, ஜேசிபி நோண்டட்டும்" என்று இரைச்சலை மீறிக் கத்திச் சொன்னாள்.

எந்த விளக்கு அணைந்திருந்தது என்று தெரிய இன்னும் மாதங்கள் ஆகும். தண்ணீரா, மண்ணா, இப்போது என்னால் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் சொல்வேன். அதே விதை இங்கே பூட்டுக்குள் வளர்ந்து, வெடித்து, குழிக்குப் போனது. அங்கே ஒரு தெருவே பார்த்திருக்க வளர்ந்து, கடைசித் துண்டுவரை தின்னப்பட்டது.

போன வாரம் எங்கள் தோட்டத்தில் இன்னொரு பழம் வெடித்தது. மாதிரியை எடுத்து உறைய வைத்தேன். மீதியை உரக்குழிக்கு எடுத்துப் போகக் காவலாளி வந்தார். நில்லுங்க என்று சொல்லிவிட்டு, அறைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தேன்.