எதிர் நாற்காலியின் வாசனை

ஆய்வுக்கூடத்தை விட்டு அவள் காப்புரிமை வக்கீலாகி ஏழு வருடம் ஓடிவிட்டது. அங்கே அவளோடு ஒரே மேசையில் சர்க்யூட் பற்றவைத்த நண்பன் இன்று கட்சிக்காரனாக எதிரே உட்கார்ந்திருந்தான். தொட்டதையெல்லாம் கருக வைப்பவன் என்பதால் அவனுக்கு ‘புகை’ என்று பெயர் வைத்ததே அவள்தான்.

இதயத்துடிப்பை அளக்கும் அவனுடைய கருவியில், அளவைக் குழப்பும் மின் இரைச்சல் மட்டும் அடங்கவில்லை. அவன் கொண்டுவந்த சர்க்யூட் படத்தைப் பார்த்ததுமே அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. சொல்லத் துடித்தாள். ஆனால் விண்ணப்பம் எழுதுகிற வக்கீல் அதில் தன் யோசனையைக் கலக்கக் கூடாது என்பது அலுவலகத்தின் கண்டிப்பான விதி. கேள்வி மட்டும் கேட்கலாம்.

“இந்த ஒயர் ஏன் இவ்ளோ தூரம் சுத்தி வருது?”

அவன் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான்.

“பவர் சப்ளை பக்கத்துல போகுதே, அதான் இரைச்சல். நான் ஒரு மடையன். கண்டுபிடிச்சவங்கன்னு உன் பேரையும் போடு.”

அந்த ஒரு வரிக்காக, ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து பதினொரு வருடம் அவள் ஏங்கியிருக்கிறாள்.

“கேள்வி கேட்டா கண்டுபிடிச்சதா ஆயிடுமா? போடா” என்று சிரித்து, அவன் பெயரை மட்டும் எழுதினாள்.

அவன் மேசைமேல் இருந்த கருவியைப் பைக்குள் வைக்கப் போனான்.

“ரெண்டு நாள் இங்கேயே இருக்கட்டும்.”

“படம்தான் இருக்கே?”

“எழுதறதுக்கு வேணும்” என்று பொய் சொன்னாள்.

அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு, கருவியை முகத்தருகே எடுத்து, ஈயம் பற்றவைத்த அந்த வாசனையை நெஞ்சு நிறைய இழுத்தாள்.